செவியுள்ள கோபுரம்: இருவழி வானொலியின் மறுபரப்பி நிலையமும் வாகன அன்ரெனாவும்

பேசுதல் எளிது, பேசிய சொல் பிறர் செவியிற் சென்று சேர்தலே அரிது. இவ்வுண்மை மக்களுக்கு எத்துணைப் பொருந்துமோ, அத்துணை அவர் ஆக்கிய வானொலிக் கருவிகளுக்கும் பொருந்தும். திருவள்ளுவர் பொருட்பாலிலே கேள்வியை 42 ஆம் அதிகாரமாகவும் சொல்வன்மையை 65 ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். கேள்வி முந்தியது, சொல் பிந்தியது. நோயாளர் ஊர்தி வைத்தியசாலையோடும், தீயணைப்பு வண்டி தன் தலைமை நிலையத்தோடும் உரையாடுதற்கு உதவும் இருவழி வானொலியை நிறுவ முற்படுவோர் கொள்ள வேண்டிய முறையும் இதுவே. வலு மிகுந்த பரப்பி ஒன்றை வாங்கி உயரத்தில் வைத்துவிட்டால் எல்லாம் நிறைவெய்தும் என்பது பலரிடையே காணப்படும் எண்ணம். அவ்வெண்ணம் ஏன் பிழையாகும் என்பதையும், செம்மையான முறை யாது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைத்தொலைபேசி எல்லார் கையிலும் உள்ள இக்காலத்தில் இருவழி வானொலி எதற்கு என்று வினவுதல் இயல்பு. தொலைபேசியில் ஒருவர் ஒருவரோடு பேசுவர். இருவழி வானொலியில் ஒருவர் பேசக் குழுவினர் அனைவரும் ஒருங்கே கேட்பர். அழைத்து, மணியடித்து, மறுமுனையிலுள்ளார் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். பேரிடர் நேர்ந்த பொழுதில் ஊர் முழுவதும் ஒரே வேளையில் தொலைபேசியை எடுக்க, அதன் வழிகள் அடைபடுவது இயல்பு. அத்தகைய வேளையிலும் தன் குழுவுக்கெனத் தனிவழி உடையதாய் இருப்பதே இருவழி வானொலியின் சிறப்பு.

வரலாறு

1928 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்காவின் டிட்ரோயிற் நகரப் பொலிசார் தம் மோட்டார் வாகனங்களிலே வானொலி வாங்கிகளை அமைத்து ஆணைகளை ஒலிபரப்பத் தொடங்கினர். அஃது ஒருவழி வானொலி. வாகனத்திலிருந்தோர் ஆணையைக் கேட்கலாம். மறுமொழி கூறல் இயலாது. கேட்டனரா இல்லையா என்பதைத் தலைமை நிலையம் உடனே அறிய வழியிருக்கவில்லை. 1933 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்தின் பேயோன் நகரப் பொலிசார் வாகனத்திலும் பரப்பியை வைத்து, இருவழிப் பேச்சை நடைமுறைக்குக் கொணர்ந்தனர்.

எனினும் ஓர் இடர் எஞ்சி நின்றது. அக்கால வானொலி, குரலுக்கேற்ப அலையின் வீச்சத்தை மாற்றும் முறையைக் கையாண்டது. வாகன எஞ்சினில் எழும் தீப்பொறியும் வீச்சத்தையே தாக்குவதால், பேச்சு இரைச்சலுள் மறைந்தது. வீச்சத்தை விடுத்து மீடிறனை மாற்றும் முறைக்கு எட்வின் ஆம்ஸ்ரோங் 1933 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அம்முறையைக் கொண்டு, டானியேல் நோபிள் என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில், கனெக்ரிக்கற் மாநிலப் பொலிசார் 1940 ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதற்குமான இருவழி வானொலியை நிறுவினர். இன்றும் உலகெங்கும் வாகனங்களில் வழங்கும் இருவழி வானொலிகளுட் பெரும்பாலான, குரலை அவ்வாறு ஏற்றினும் இலக்க முறையில் ஏற்றினும், அன்று வகுத்த அமைப்பையே அடிப்படையாகக் கொண்டவை.

உயரமே முதற்பொருள்

இருவழி வானொலிக்கு உரிய அலைகள் பெரும்பாலும் 30 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன் உடையவை. சிற்றலை ஒலிபரப்பைப் போல இவை வானமண்டலத்திலே தெறித்துக் கடல் கடந்து செல்வதில்லை. கண்ணின் நோக்கைப் போல ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்கின்றன. பூமி உருண்டையாதலின் நோக்குக்கு எல்லையுண்டு. வளிமண்டலம் அலையைச் சிறிது கீழ்நோக்கி வளைப்பதால் வானொலியின் எல்லை கண்ணின் எல்லையைவிடச் சற்று அப்பால் அமையும். அன்ரெனாவின் உயரத்தை மீற்றரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்கினால், அவ்வெல்லையின் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும்.

இவ்விதியைக் கொண்டு கணித்துப் பார்த்தல் பயனுடைத்து. வாகனக் கூரையிலுள்ள அன்ரெனா தரையிலிருந்து 2 மீற்றர் உயரத்தில் உள்ளது எனக் கொண்டால் அதன் எல்லை ஏறத்தாழ 6 கிலோமீற்றர். ஆகவே தடையேதும் இல்லாத வெளியிலும் இரு வாகனங்கள் 12 கிலோமீற்றருக்கு மேல் நேரே பேசுதல் அரிது. மரமும் கட்டடமும் நிறைந்த ஊரில் அதனிற் பாதியும் கிட்டாது. ஆனால் 30 மீற்றர் உயரமான கோபுரத்தின் எல்லை ஏறத்தாழ 23 கிலோமீற்றர். அதனோடு வாகனத்தின் 6 கிலோமீற்றரைக் கூட்ட, கோபுரத்துக்கும் வாகனத்துக்கும் இடையே 28 அல்லது 29 கிலோமீற்றர் ஆகின்றது. அக்கோபுரம் இரு வாகனங்களுக்கும் நடுவே நின்று ஒருவர் சொல்லை மற்றவருக்கு உரைக்குமாயின், அவ்வாகனங்கள் 56 கிலோமீற்றர் இடைவெளியிலும் பேசலாம்.

மலையில்லாத நாட்டில் மலையின் தொழிலைக் கோபுரமே செய்ய வேண்டும். வன்னிச் சமவெளியிலே, 1990 ஆம் ஆண்டுப் போரில் அழிந்து 2011 ஆம் ஆண்டில் மீள எழுப்பப்பெற்ற கொக்காவிற் கோபுரத்தின் உயரம் 174 மீற்றர். அது தொலைக்காட்சி, வானொலி ஒலிபரப்புகளுக்கென எழுந்ததாயினும், அவ்வுயரத்தின் பயனைக் கணிக்க நல்ல எடுத்துக்காட்டாகும். அதன் உச்சியின் எல்லை 54 கிலோமீற்றர். இலங்கையின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரமோ 2,524 மீற்றர். கணக்கின்படி அதன் எல்லை 207 கிலோமீற்றர். ஆனால் மலைநாட்டில் ஒரு மலை மற்றொன்றை மறைக்கும். உச்சிக்கு மிக அண்மையிலுள்ள பள்ளத்தாக்கே சிலவேளைகளிற் பேச்செட்டாத நிழலாகிவிடும். ஆதலின் நாட்டிலேயே உயர்ந்த இடத்தைத் தேடுவதிலும், பேச வேண்டிய ஊர்களை நேரே நோக்கும் இடத்தைத் தேடுவதே அறிவுடைமை.

வலுவைக் கூட்டி இக்குறையை நிரப்பலாகாதோ எனின், ஓரளவே இயலும். சமதரையில், எட்டும் தூரத்தை இருமடங்காக்க வேண்டின் பரப்பியின் வலுவைப் பதினாறு மடங்காக்க வேண்டும். கோபுரத்தின் உயரத்தை இருமடங்காக்கினாலோ, அதே வலுவோடு, வாங்கப்படும் சைகை நான்மடங்காகும். இவற்றிடையே வேறொரு பெரும் வேறுபாடும் உண்டு. வலு வாயை மட்டுமே பெரிதாக்கும். உயரம் வாயையும் செவியையும் ஒருங்கே உயர்த்தும்.

மறுபரப்பியின் தொழில்

இவ்வாறு நடுவே நின்று கேட்டதைக் கேட்டவாறே உரைக்கும் நிலையமே ஆங்கிலத்தில் ரிப்பீற்றர் எனப்படும் மறுபரப்பி. இது செய்தியைச் சேமித்து வைத்துப் பின்னர் உரைப்பதன்று. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் பொழுதே அதனை மறுபடி பரப்புகின்றது. கேட்பதும் பேசுவதும் ஒரே மீடிறனில் நிகழுமாயின் அது தன் குரலையே கேட்டுக் கூச்சலிடும். அதனாற் கேட்பதற்கு ஒரு மீடிறனும் பேசுவதற்கு வேறொரு மீடிறனும் வகுக்கப்பட்டுள்ளன. ஐரோப்பாவிற் பொழுதுபோக்கு வானொலியாளர் பயன்படுத்தும் இணைகளுள் ஒன்று இதற்கு எடுத்துக்காட்டு. வாகனம் 145.000 மெகாஹேர்ட்ஸிற் பேசும். மறுபரப்பி அதனைக் கேட்டு 145.600 மெகாஹேர்ட்ஸிற் பரப்பும். ஏனைய வாகனங்கள் அதனைக் கேட்கும். வாகனக் கருவி, பொத்தானை அழுத்தும்போது ஒன்றுக்கும் விடும்போது மற்றொன்றுக்கும் தானே மாறிக்கொள்ளும்.

மறுபரப்பியின் உண்மையான இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகின்றது. நல்லதொரு வாங்கி 0.25 மைக்ரோவோல்ற்று அளவான சைகையையும் கேட்க வல்லது. மறுபரப்பியின் பரப்பியோ 50 வாற்று வலுவைப் பக்கத்திலேயே வெளியிடுகின்றது. 50 ஓம் தடங்கலுள்ள கருவியில் இவ்விரண்டையும் ஒப்பிட்டால், பரப்பியின் வலு, வாங்கி கேட்க விரும்பும் சைகையின் வலுவைப்போல 400 கோடி கோடி மடங்காகும். கோயில் முரசைக் காதருகே அறைந்துகொண்டு, தெருக்கோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வதும் இதற்கு ஈடாகாது. தன் வாயின் ஓசையால் தன் செவி அடைபடுவதே மறுபரப்பிக்கு நேரும் முதன்மையான நோய்.

இந்நோய்க்கு மருந்து, பரிவுக் குழிகள் எனப்படும் உலோக உருளைகள். குடத்தின் வாயில் ஊதினால் அக்குடத்துக்கே உரிய ஒரு சுரம் எழுகின்றது. குடத்தின் அளவு மாறினாற் சுரமும் மாறும். அவ்வாறே உள்ளீடற்ற உலோக உருளையும் தன் அளவுக்குரிய மீடிறனோடு மட்டும் பரிவு கொள்ளும். 145 மெகாஹேர்ட்ஸ் அலைக்குரிய உருளை ஏறத்தாழ அரை மீற்றர் நீளமுடையது. இத்தகைய உருளைகள் பலவற்றை இணைத்து, ஒரே அன்ரெனாவைப் பரப்பியும் வாங்கியும் பகிர்ந்துகொள்ளுமாறு செய்யும் தொகுதியை டூப்ளெக்சர் என்பர். வாங்கியின் பக்கத்து உருளைகள் பரப்பியின் பேரலையை உட்புகாது தடுக்கும். பரப்பியின் பக்கத்து உருளைகளின் கடமை வேறு. எந்தப் பரப்பியும் தன் மீடிறனுக்கு இருபுறமும் சிறிது இரைச்சலைக் கசியவிடும். அவ்விரைச்சல் வாங்கியின் மீடிறனிலேயே விழுமாயின் வாங்கியின் பக்கத்திலுள்ள எந்த வடிகட்டியாலும் அதனை நீக்கல் இயலாது. அது பிறந்த இடத்திலேயே தடுக்கப்படல் வேண்டும். இத்தகைய நிலையங்களில் 80 முதல் 90 டெசிபல் வரையான பிரிவு தேவைப்படும். அஃதாவது 10 கோடி முதல் 100 கோடி மடங்கு வரை குறைத்தல் வேண்டும்.

டூப்ளெக்சரை வைத்துவிட்ட அளவில் நோய் தீர்ந்தது எனக் கொள்ளலாகாது, சோதித்தறிய வேண்டும். அதற்கு எளிய முறை ஒன்றுண்டு. வாங்கியிலே அரிதிற் கேட்கும் மெல்லிய சைகை ஒன்றைச் செலுத்திப் பரப்பியை முதலில் நிறுத்தியும் பின்னர் இயக்கியும் கேட்க வேண்டும். பரப்பி இயங்கும்போது இரைச்சல் மிகுந்து சைகை மறையுமாயின் நிலையம் தன் குரலாலே செவிடாகின்றது என்பது தெளிவு. அன்ரெனாவைக் கழற்றி, அதற்கு ஈடாக 50 ஓம் தடையொன்றை இணைத்து அச்சோதனையை மீண்டும் செய்க. அப்போது குறை நீங்குமாயின் டூப்ளெக்சர் நன்று. பிழை வடத்திலோ அன்ரெனாவிலோ கோபுரத்திலோ உள்ளது. துருப்பிடித்த ஆணியும், தளர்ந்து தொட்டும் தொடாமலும் இருக்கும் உலோகப் பொருத்தும், மெல்லிய உலோகத்தாளின்மேற் பின்னல் சுற்றிய மலிவான வடமும் பேரலை பாயும்போது புதிய இரைச்சலைப் பிறப்பிக்கும். நூறாயிரக்கணக்கிற் செலவிட்டு நிறுவிய நிலையமொன்றை ஒரு துருப்பிடித்த ஆணி செவிடாக்கக்கூடும்.

வாயும் செவியும் ஒத்திருத்தல்

நிலையத்திலிருந்து அன்ரெனாவரை செல்லும் வடம் பலராலும் கருதப்படாத பொருள். வாகனங்களில் வழங்கும் மெல்லிய வடம் 150 மெகாஹேர்ட்ஸில் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழப்புடையது. அதனையே 50 மீற்றர்க் கோபுரத்துக்கு இட்டால் 10 டெசிபல் இழப்பு நேரும். 50 வாற்றில் 5 வாற்றே உச்சியை அடையும். அதனினும் கொடிது, உச்சியிற் கேட்ட சைகையும் பத்திலொன்றாய்க் குறைந்தே கீழிறங்கும். இதனை உணராதார் பரப்பியின் வலுவைக் கூட்டி வாயின் இழப்பை ஈடுசெய்வர். செவியின் இழப்பு அவ்வாறே நிற்கும். தடித்த, திண்ணிய செப்புறை கொண்ட வடத்தை இட்டால் அதே 50 மீற்றருக்கு இழப்பு ஒரு டெசிபலுக்கும் குறைவாகும்.

வாகனக் கருவியின் வலு பெரும்பாலும் 50 வாற்றைக் கடவாது. கையில் ஏந்தும் கருவிக்கோ 5 வாற்றளவே உண்டு. ஆதலின் மறுபரப்பியின் வலுவை மிகுத்தால் அதன் குரல் நெடுந்தூரம் கேட்கும். அத்தூரத்திலிருந்து மறுமொழி கூறுவோர் குரல் அதற்குக் கேளாது. இத்தகைய நிலையத்தை அமெரிக்கப் பொழுதுபோக்கு வானொலியாளர் முதலை என எள்ளி நகையாடுவர்; முதலைக்கு வாய் பெரிது, செவி சிறிது. இது வெறும் நகைப்புக்குரியதன்று. நிலையத்தின் குரல் தெளிவாகக் கேட்பதால், தன் குரலும் அங்குத் தெளிவாகக் கேட்கும் என்று நம்பும் ஊர்திச் சாரதி, உதவி கேட்டுக் காத்திருப்பான். வருவார் ஒருவரும் இரார். பேச்செல்லைக்கு அப்பால் உள்ளோம் என்று அறிந்தவனாவது வேறு வழி தேடுவான். கேட்கப்படாததை அறியாதவன் நிலையே இரங்கத்தக்கது.

இதற்குப் பரிகாரம் வாயைச் செவிக்கு அளவாக வைத்தலும் செவியைக் கூர்மையாக்கலுமே. பல ஊர்களிலே துணை வாங்கிகளை அமைத்து, அவற்றுள் எது தெளிவாகக் கேட்கின்றதோ அதனையே தெரிந்தெடுத்துப் பரப்பும் முறையும் உண்டு. அதனால் 5 வாற்றுக் கைக்கருவியும் 50 வாற்று வாகனத்துக்கு நிகராகப் பேசும்.

அன்ரெனாவின் ஆற்றலை மிகுத்தல் என்பது புதிய வலுவைப் படைத்தலன்று. மேலும் கீழும் வீணாகும் வலுவைத் திரட்டித் தொடுவானை நோக்கிச் செலுத்துதலே. சமவெளிக்கு இது மிக நன்று. உயர்ந்த மலையுச்சியில் இட்டாலோ அக்கற்றை அடிவாரத்து ஊர்களின் தலைக்கு மேலாகச் சென்றுவிடும். அவ்விடத்துக் கற்றையைச் சிறிது கீழ்நோக்கிச் சாய்த்த அன்ரெனா வேண்டும்.

நிலையத்துக்கு வேறு சில காவல்களும் உண்டு. கேளா எல்லைக்கு அண்மிய, 67 முதல் 254 ஹேர்ட்ஸ் வரையான அடையாள ஒலியொன்றை வாகனக் கருவி பேச்சோடு கலந்து அனுப்பும். அதனைக் கேட்டாலன்றி மறுபரப்பி திறவாது. இதனால் வேற்று இரைச்சல் நிலையத்தை எழுப்புதல் தவிர்க்கப்படும். ஒலிவாங்கியின் பொத்தான் இருக்கையின் இடுக்கில் அகப்பட்டு அழுந்தி நின்றால் வழி முழுவதும் அடைபடுமாதலால், குறித்த சில நிமிடங்களுக்கு மேல் ஒருவர் குரலை நிறுத்திவிடும் கடிகாரமும் வேண்டும். மின்சாரம் தடைப்படும் வேளையே இந்நிலையம் மிகத் தேவைப்படும் வேளையாதலின் மின்கலம் இன்றியமையாதது. கோபுரமும் வடமும் கருவியும் ஒரே நிலத்தொடுப்பில் இணைந்திருத்தல் மின்னலுக்குக் காவல். இவையனைத்துக்கும் முன்னதாக அரசின் உரிமம் வேண்டும். இலங்கையில் அதனை வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.

வாகன அன்ரெனா

கோபுரம் எத்துணைச் சிறப்புற அமையினும், வாகனத்தின் அன்ரெனா பழுதாயின் பயனில்லை. 145 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 2.07 மீற்றர், அதன் காற்பங்கு 52 சென்ரிமீற்றர். நடைமுறைத் திருத்தமாக நூற்றுக்கு ஐந்து குறைத்து, 49 சென்ரிமீற்றர் நீளமான ஒரு கம்பியை நிமிர்த்தி நிறுத்தினால் அதுவே நல்ல அன்ரெனா. ஆயினும் அக்கம்பி அன்ரெனாவின் ஒரு பாதியே. நீர்நிலையின் ஓரத்தில் நிற்கும் தூண் நீரில் தன் நிழலோடு சேர்ந்து முழுமையுறுவது போல, கம்பியும் தன் அடியிலுள்ள உலோகக் கூரையில் தோன்றும் பிம்பத்தோடு சேர்ந்தே முழுமையுறுகின்றது.

இதிலிருந்து பின்வருவன தாமே விளங்கும். கூரையின் நடுவே சிறந்த இடம்; அங்கு வைத்தால் எத்திசையும் ஒப்பக் கேட்கும். மூலையில் வைத்தால் உலோகம் மிகுந்த பக்கத்திற் குரல் ஓங்கி மறுபக்கத்திற் குன்றும். முச்சக்கர வண்டியின் றெக்சீன் கூரையிலும் கண்ணாடிநார் உடல்கொண்ட ஊர்தியிலும் பிம்பம் தோன்ற உலோகமில்லை. ஆதலின் அரை மீற்றர் ஆரையுள்ள உலோகத் தகட்டை அடியில் இடுதல் வேண்டும். காந்த அடியுள்ள அன்ரெனா தற்காலிகத் தேவைக்கு உதவும். ஆனால் அதன் வடம் கதவிடுக்கில் நாள்தோறும் நசுங்கிப் பழுதாகும். நிலையான பணிக்குக் கூரையைத் துளைத்துப் பொருத்துதலே தக்கது. மறுபரப்பியின் அன்ரெனா நிமிர்ந்து நிற்பதால் வாகனக் கம்பியும் நிமிர்ந்தே நிற்றல் வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றது கிடையாயும் அமைந்தால் முனைவாக்கம் வேறுபட்டுச் சைகை நூறிலொன்றாகவும் குறையலாம்.

அலைநீளத்தில் எட்டிலைந்து பங்கு நீளமுள்ள கம்பி தொடுவானை நோக்கிச் சிறிது மிகுதியாகக் கதிர்க்கும். சமவெளிக்கு அது நன்று. ஆனால் அதன் நீளம் ஒன்றேகால் மீற்றரை அண்மும், மரக்கிளையில் மோதும், வேகத்தில் வளையும். உயர்ந்த மலைநிலையத்தை அண்ணாந்து நோக்கும் ஊர்களிற் காற்பங்குக் கம்பியே சிறந்தது.

கம்பியைச் செம்மையாக வெட்டுதற்கு நிலையலை விகிதம் அளக்கும் கருவி பயன்படும். விகிதம் 1.5 ஆயின் வலுவில் நூற்றுக்கு 4 திரும்பி வரும். 2 ஆயின் 11. 3 ஆயின் 25. முதலிற் கம்பியைச் சற்று நீளமாகவே விட்டு, வேண்டிய மீடிறனுக்குக் கீழும் மேலும் விகிதத்தை அளக்க வேண்டும். கீழ் மீடிறனில் விகிதம் குறைவாயிருந்தாற் கம்பி நீளம் என்பது பொருள். சில மில்லிமீற்றர் வீதம் குறைத்துவருக. மேல் மீடிறனிற் குறைவாயின் கம்பி ஏற்கெனவே குறுகியது. அளக்கும்போது வாகனத்தின் கதவுகள் மூடியிருத்தலும் அருகில் ஆட்கள் நில்லாமையும் வேண்டும். எனினும் விகிதம் குறைந்தது என்பதொன்றே அன்ரெனாவின் நலத்துக்குச் சான்றாகாது. அன்ரெனாவுக்கு ஈடாக இடும் 50 ஓம் தடை மிகச் சிறந்த விகிதத்தைக் காட்டும். ஆனால் அது கதிர்ப்பது சிறிதும் இல்லை. நீர் புகுந்து கெட்ட வடமும் திரும்பும் வலுவை விழுங்கி நல்ல விகிதத்தையே காட்டும்.

50 வாற்றுக் கருவி பேசும்போது 10 அம்பியரும் அதற்கு மேலும் மின்னோட்டம் கொள்ளும். ஆதலின் அதனைச் சிகரெட் கொளுத்தும் துளையில் இணையாது, தடித்த கம்பிகளால் மின்கலத்தோடு நேரே இணைத்து, மின்கலத்துக்கு அண்மையிலேயே உருகியை இடுதல் வேண்டும். அவ்வாறு செய்வதால் மின்பிறப்பாக்கியின் சீழ்க்கை போன்ற ஒலியும் பெரும்பாலும் அடங்கும். மற்றுமொரு செய்தியைச் சாரதிகள் அறிந்திருத்தல் நன்று. நேரே வரும் அலையும் கட்டடங்களிலே தெறித்து வரும் அலையும் தம்முட் கலப்பதால், ஓரிடத்திற் சைகை ஓங்கியும் அடுத்த இடத்தில் மாய்ந்தும் தோன்றும். நிறுத்திய இடத்திற் பேச்செட்டாவிடின் வாகனத்தை ஒரு மீற்றர் முன்னோ பின்னோ நகர்த்தினாற் போதும். பலகாலும் குறை தீர்ந்துவிடும்.

இரு பொத்தான்கள்

கருவிகள் யாவும் செம்மையாக அமைந்த பின்னும் ஒரு கடமை எஞ்சி நிற்கின்றது. அதனை உலகுக்கு உணர்த்தியது 2001 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11 ஆம் நாள். நியூயோர்க் நகரின் உலக வர்த்தக மையக் கோபுரங்களின் உயரத்தில் தீயணைப்பு வீரரின் கைக்கருவிகள் நன்கு எட்டாமையால், 1993 ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பின் பின்னர், 1994 ஆம் ஆண்டிலே அங்கு மறுபரப்பி ஒன்று அமைக்கப்பட்டது. அயலிலுள்ள பிற பணிகளுக்கு இடையூறாகும் எனக் கருதி, வேண்டிய வேளையில் மட்டும் அதனை இயக்குவது என்று ஒழுங்கு செய்யப்பட்டது. இயக்கும் பொத்தான்கள் 2000 ஆம் ஆண்டின் பின் கோபுரங்களின் கீழ்மாடத்து மேசைகளில் அமைந்தன.

2004 ஆம் ஆண்டில் வெளியான அரச விசாரணைக் குழுவின் அறிக்கை அன்று நிகழ்ந்ததை விரித்துரைக்கின்றது. காலை 8.54 மணிக்கு வடகோபுரத்து மேசையில் ஒரு பொத்தான் அழுத்தப்பட்டது, மறுபரப்பி உயிர்பெற்றது. ஆனால் அம்மேசையிலுள்ள கைப்பேசி பேசுதற்கு இரண்டாவது பொத்தானையும் அழுத்த வேண்டும். அஃது அழுத்தப்படவேயில்லை. 9.05 மணிக்கு அதிகாரிகள் சோதித்தபோது, மேசையிலிருந்து பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லை. மற்றவர் பேசியதும், கருவியின் ஒலியளவு தாழ்ந்திருந்ததாலோ வேறு பழுதாலோ, மேசைக்குக் கேட்கவில்லை. மறுபரப்பி பழுது எனக் கருதி வடகோபுரத்து அதிகாரிகள் அதனைக் கைவிட்டனர். அதே மறுபரப்பி தென்கோபுரத்தில் நன்கு பணிபுரிந்தது; 78 ஆம் மாடியை அடைந்த தீயணைப்பு அதிகாரியின் குரலையும் அது கொண்டுவந்து சேர்த்தது. அன்று மாண்ட தீயணைப்புத் துறையினர் 343 பேர். அத்துணை இழப்புக்கும் ஒரு பொத்தானே காரணம் என்று கூறுதல் நேர்மையன்று, காரணங்கள் பல. ஆயினும் இயங்கிக்கொண்டிருந்த நிலையம் ஒன்று, இயங்கவில்லை என்று கருதப்பட்டமை என்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. கோபுரத்துக்குச் செவி இருந்தது. அதனை அறிந்துகொள்ளும் வழிதான் தவறியது.

ஆகவே, மறுபரப்பியை நிறுவுதல் ஒரு நாளில் முடியும் செயலன்று. நிலையத்தின் குரல் எங்கெங்கு கேட்கின்றது என்று அளப்பதோடு அமையாது, எங்கெங்கிருந்து பேசினால் அது கேட்கின்றது என்றும் வாகனத்தில் ஊர் ஊராகச் சென்று பேசிப் பார்த்து வரைபடத்திற் குறித்தல் வேண்டும். பணிமுறை மாறும் ஒவ்வொரு வேளையும் ஒரு சொல் பேசி மறுமொழி பெற்றே பணி தொடங்குதல் வேண்டும். பொத்தான்களை அறிந்தோர் ஒருவரல்லர், பலராதல் வேண்டும். மறுமொழி வந்த பின்னரே ஒரு சொல் சொல்லப்பட்டதாகும்; அதுவரை அது காற்றில் எறிந்த ஓசையே. உயர்ந்த கோபுரமும் வலிய கருவியும் பொருளாற் பெறத்தக்கவை. கேட்கும் செவியும், கேட்டதா என வினவி அறியும் பழக்கமும் கருத்தாலும் பயிற்சியாலுமே பெறத்தக்கவை.